முடி இறக்கிய நாள்

தணிகைவேல் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொன்னபோது முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டுகிறவர் எங்கள் இல்லத்துக்கு வருவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள், நாங்கள் வரிசையில் நிற்போம். எல்லாருக்கும் ஒரே வெட்டுதான். நெற்றியில் மெஷினை வைத்தால் பிடரியில்தான் எடுப்பார். காதோரம் கோடு போட்டு, முன்னால் செம்பட்டைச் சாயம் அடித்துக்கொண்டு வந்தவன்கூட எழுந்திருக்கும்போது தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருப்பான். அதனால் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் அடம்பிடிப்பது வழக்கம்தான். ஆனால் தணிகைவேல் புதியவன் இல்லை, பங்குனியில் வந்தவன். ஆனி மாதம் வரை பேசாமல் தலையைக் கொடுத்தவன்தான். ஆடி மாதம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். இப்போது ஆவணி. முடி காதோரம் இறங்கிப் பிடரியில் அடர்ந்திருந்தது, உதட்டுக்கு மேலே பூனைமயிரும் கொஞ்சம் கறுத்திருந்தது.

இல்லம் என்பது பெயருக்கு. பதினெட்டு நிரம்பாதவர்கள் வம்பில் மாட்டினால் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விடுகிற கூர்நோக்கு இல்லம். ஜெயில் என்று யாராவது சொன்னால் எங்கள் வார்டன் ராஜவேலு சாருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். ‘இது ஊடு மாதிரிடா’ என்பார். பூட்டு வெளிப்பக்கம் இருக்கிற வீடு. பின்முற்றத்தில் நின்றால் சுவருக்கு மேலே திருத்தணி மலை தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் சுவரை ஒட்டித்தான் காவடிகள் போகும். பஸ் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளாகத் திரும்பிப் போவதை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறவன் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்வான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் குமரேசன். செல்போன் திருட்டு. என்னைப் பிடித்துக் கொடுத்தது என் அப்பாதான். சட்டையைப் பிடித்து இழுத்துப் போய், ‘திருந்தட்டும் சார்’ என்று ஸ்டேஷனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர், அப்புறம் இந்தத் திசைக்கே தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால் அப்பாக்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

“குந்துடா, பேன் ஊறுது பாரு” என்றார் முடிவெட்டுகிறவர்.

“வோணாம்ணா.”

“ஏன்டா வோணாம்?”

தணிகைவேல் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற பிரேம்குமாருக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னா மச்சான், ஊட்டுக்காரி முழுகாம கீறாளா?” என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் பொண்டாட்டி பிள்ளை உண்டாகியிருந்தால் புருஷன் முடி வெட்ட மாட்டான், சவரம்கூடச் செய்ய மாட்டான். வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்பார்கள். தாடியும் மீசையுமாகத் தறிக்குப் போகிற ஆளைப் பார்த்தால் ‘எத்தினியாவது மாசம்?’ என்றுதான் கேட்பார்கள். அதனால் வரிசை முழுக்கச் சிரித்தது. முடிவெட்டுகிறவர் சிரித்தார், தள்ளி நின்றிருந்த ராஜவேலு சார்கூடச் சிரித்துவிட்டார். தணிகைவேல் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த மற்றவர்களின் முடியைப் பார்த்தபடி நின்றான். அவன் சிரிக்காததைப் பார்த்து முன்னால் நின்றவன் நிறுத்தினான், பிறகு அடுத்தவன். கடைசியில் பிரேம்குமார் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான், அவனும் நிறுத்தினான்.

முடியைக் கூட்டி அள்ளுவது அன்றைக்கு என் முறை. அதனால்தான் ராஜவேலு சார் அவனைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது. “நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லாத. என் காதுல விழுந்தா நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா அந்தப் பொண்ணு வயசு கேப்பாங்க. பதினெட்டு ஆயிருக்கா?” அவன் இல்லை என்று தலையாட்டப் போனான். அதற்குள் அவரே அவன் தலையைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டார். “சொல்லாதன்னு சொன்னேன்ல” என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர்.

அன்று மத்தியானம் ஹாலில் விசித்திரமான ஒரு மரியாதை பரவியது. எங்களில் ஒருவன் அப்பா ஆகப்போகிறான். கொலைக் கேஸில் வந்தவனுக்குக்கூட அப்படி யாரும் இடம் விட்டதில்லை. ஒருவன் தன் முட்டையை அவன் தட்டில் வைத்தான். எதற்கு என்று கேட்டதற்கு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. தணிகைவேல் மெதுவாகச் சொன்னான். அம்மையார்குப்பத்தில் அவன் அப்பா ஓட்டுகிற தறிக்கு அடுத்த கொட்டகையில் துர்கா நூல் சுற்றிக்கொண்டிருந்தவள். இரண்டு பேரும் ஓடிப்போவதாக இருந்தார்கள். அதற்குள், ஓட்ட மட்டும் வா என்று கூப்பிட்டார்களே என்று இவன் பைக்கை ஓட்டிப் போக, பின்னால் உட்கார்ந்திருந்தவன் கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு அம்மாவின் சங்கிலியை இழுத்தான். அந்த அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இவன் இங்கே வந்துவிட்டான். துர்காவுக்கு வயிறு தெரிந்ததும் நகரியில் இருக்கும் அவள் அத்தை வீட்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். எவ்வளவு அடித்தும் யாரென்று அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை பிறந்ததும் யாருக்கோ கொடுத்துவிடப் பேசி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னது அவன் அப்பா. ஆனி மாதம் பார்க்க வந்தபோது சொன்னாராம், அது தன் பிள்ளைதான் என்று இவனும் அவரிடம் ஒப்புக்கொண்டானாம்.

“ஐப்பசியில பொறக்கும்” என்று விரல் மடக்கிக் காட்டினான்.

அதுவரை எங்கள் ஹாலில் அப்பா என்ற சொல் வசவில்தான் வரும். அன்றைக்கு ஒவ்வொருவனும் பேசினான். பிரேம்குமாரின் முதுகில் பெல்ட் பட்ட தழும்புகள் இருக்கின்றன, குளிக்கும்போது எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவன் சொன்னான், “எனுக்கு ஒண்ணு பொறந்தா ஒரு அடி அடிக்க மாட்டேன்டா. கேட்டதுலாம் வாங்கிக் குடுப்பேன்.” முட்டையைக் கொடுத்தவன், “எனுக்கு வோணாம்பா. எங்கப்பன் மாரியே ஆயிட்டேன்னா?” என்றான். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. அப்பன் ஆவது என்ன பெரிய வேலையா, தெருநாய்கூட ஆகிறது என்று சொன்னேன். தணிகைவேல் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் கோபப்படவே இல்லை.

“நாய் ஓடிப் பூடும்டா” என்றான். “நா எங்க ஓடறது? உள்ளதான கீறேன்.”

அவன் திட்டத்தை என்னிடம் மட்டும் சொன்னான். அடுத்த புதன்கிழமை அவனைப் போர்டுக்கு, அதாவது எங்கள் கேஸ்களை விசாரிக்கிற நீதிக் குழுவுக்குக் கூட்டிப் போவார்கள். ஜாமீன் கிடைக்கும் போல இருந்தது. அங்கே மேஜிஸ்ட்ரேட் அம்மாவிடம் அவனே சொல்லிவிடப் போகிறானாம், அந்தப் பிள்ளைக்கு அப்பா நான்தான் என்று. சொல்லிவிட்டால் அவனைக் கேட்காமல் யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாதாம். பைத்தியக்காரா, ஜாமீன் போய்விடும், அந்தப் பெண்ணுக்கு வயசு ஆகவில்லை என்று இன்னொரு பெரிய கேஸ் விழும், உன் மீசை நரைக்கிற வரைக்கும் அலைய வேண்டியதுதான் என்றேன். தெரியும் என்றான். தெரிந்தும் சொல்வாயா என்றால், “சொல்லாம வுட்டா அதுக்கு அப்பன் பேரே இல்லாம பூடும்டா” என்றான். அதுவரை அவனால் அந்தப் பிள்ளைக்குச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், முடியை வெட்டாமல் இருப்பது. அதைப் போய் நாய் என்று சொன்னேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது. சமையல்காரர் சொன்னாரோ, முடிவெட்டுகிறவர் சொன்னாரோ தெரியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானமே தணிகைவேலின் அப்பா வீராசாமி வந்துவிட்டார். காலத்துக்கும் பவர்லூம் சத்தத்தில் நின்றவர், அவருக்கு மெதுவாகப் பேச வராது. ஆபீஸ் அறைக்குள் அவர் கெஞ்சியது எங்களுக்கு முற்றத்தில் கேட்டது. “பையன் பொழச்சி வந்தா முடி எறக்கறேன்னு தணிகைமலைக்கு வேண்டிகினு கீறேன் சார். நாளைக்குப் போர்டு. மலைக்கு இட்டுகினு போவ முடியாது. இங்கயே மலையப் பாத்தாப்புல ஒக்கார வெச்சி எறக்கிட்டா, முடிய நானே மேல எடுத்துகினு போயி காணிக்கையா சேத்துடுவேன்.” வேண்டுதல் என்று சொன்னபிறகு திருத்தணியில் எந்த அதிகாரி மறுப்பார்? சூப்பரின்டென்டென்ட் உடனே சரி என்றார். ராஜவேலு சார் முகத்தில் அப்படியொரு நிம்மதி. முடிவெட்டுகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார் வீராசாமி. மஞ்சள் பையில் சந்தனம், வேட்டித்துண்டு, பிஸ்கட் பொட்டலம்.

வேண்டுதலும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நாளைக்கு முடியும் பூனைமீசையுமாக அவன் போர்டில் போய் நின்றால், மேஜிஸ்ட்ரேட் அம்மா ஏன் என்று கேட்டால், அவன் சொல்லிவிடுவான். தலையை மழித்துவிட்டால் கேள்வியே வராது. மகனைக் காப்பாற்ற அப்பாவுக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. ஒரு வழக்கத்தை மீற வைக்க இன்னொரு வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், சாமியையே சாட்சிக்கு இழுத்து.

நாற்காலியை மலையைப் பார்த்தாற்போல் போட்டார்கள். எங்களை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். தணிகைவேல் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான், உட்காரவில்லை.

“குந்துடா” என்றார் வீராசாமி.

“நைனா, உனுக்குத் தெரியும்ல.”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினே எறக்கச் சொல்றியா?”

“அதெல்லாம் தாலி கட்டனவனுக்குடா. உனுக்கு இன்னா அது?”

“வயித்துல கீறதுக்குத் தாலி தெரியுமா நைனா?”

முடிவெட்டுகிறவர் சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ராஜவேலு சார் எதுவும் கேட்காத மாதிரி தொட்டிக் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சாமிக்கு நேர்ந்துகொண்டது, தெய்வகுத்தம் ஆகிவிடும் என்று வீராசாமி மறுபடி தொடங்கினார். “நீ நேந்துக்கல. பொய் சொல்ற” என்றான் தணிகைவேல், சத்தம் போடாமல். வீராசாமி கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது, பிறகு இறங்கி மகனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. அவர் விரல்களில் நூல் அறுத்த கோடுகள் இருந்தன. உள்ளே போட்டால் இவன் திரும்பி வரும்போது தான் இருப்போமோ என்னவோ, பெற்றவளும் போய்விட்டாள், இருப்பது இவன் ஒருவன்தான் என்கிறதெல்லாம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

“பொறந்துட்ச்சிடா” என்றார்.

தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தான்.

“வெள்ளிக்கெழமையே பொறந்துட்ச்சி. அத்தச் சொல்லத்தான் வந்தேன். இங்க எப்டிச் சொல்றது, அதான் வேண்டுதல்னு சொன்னேன்.”

“இன்னா கொழந்த?”

உண்மை பேசுகிறவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் தேவைப்படாது. நான் எத்தனையோ பொய் சொன்னவன், எனக்குத் தெரியும். வீராசாமி மகனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சுவருக்கு மேலே மலையைப் பார்த்தார். “பொண்ணு” என்றார்.

“துர்கா?”

“ஆங், நல்லா கீது. ரெண்டும் நல்லா கீது. நகரி ஆஸ்பத்திரிலதான்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். எட்டத்துலருந்து.”

“யார் மாரி கீது?”

அவர் மகனின் நெற்றியைப் பார்த்தார். பிறகு, “நெத்தி அப்டியே உங்கம்மா” என்றார். அவன் அம்மா கன்னியம்மாள் செத்து அதிக நாள் ஆகவில்லை என்று தணிகைவேல் சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சை எடுத்ததும் வீராசாமி அழுதுவிட்டார். தறி ஓடுகிற சத்தத்தில் பேசிப் பேசித் தடித்த அந்தக் குரலால் அவர் அழுதது கேட்கச் சகிக்கவில்லை. பொய் சொல்கிற மனிதர் இப்படி அழுவாரா என்று யோசித்தேன். அழுகை நிஜம். மற்றதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அந்தக் குழந்தை கண்ணில் தெரிந்துவிட்டதோ என்னவோ.

தணிகைவேல் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“குடுத்துட மாட்டாங்களே நைனா?”

“நா கீறேன்ல. நீ நாளைக்கு கம்முனு நில்லு. வெளிய வா. நானே இட்டுகினு போறேன்.”

“மொத மொட்ட மலைலதான் போடணும் அதுக்கு.”

“போடலாம்.”

“மாமன் மடியில குந்த வெக்கணும். துர்காவோட அண்ணன் வருவானா?”

“வருவான்” என்றார் வீராசாமி. அந்த அண்ணன் கையில் கிடைத்தால் இவனை வெட்டிப் போட்டுவிடுவான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தலையில் தண்ணீர் தெளித்துப் பரபரவென்று தேய்த்தார்கள். உச்சியில் கத்தி வைத்தபோது தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு மாத முடியும் பாளம் பாளமாக மடியில் விழுந்தது. வீராசாமி குனிந்து குனிந்து ஒரு மயிர் விடாமல் வேட்டித்துண்டில் சேகரித்தார். வழித்து முடித்ததும் அவரே சந்தனத்தைக் குழைத்து மகன் தலையில் பூசினார். பூசி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. ராஜவேலு சார் வந்து நேரம் ஆகிறது என்று சொன்னபிறகுதான் எடுத்தார். போகும்போது துண்டு முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்திருப்பார்.

ஐப்பசி என்று அவன் விரல் மடக்கிக் காட்டியது எல்லாருக்கும் நினைவிருந்தது. பிரேம்குமார் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அதற்குள் தணிகைவேல் எழுந்து வந்தான். அப்பா கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான். மொட்டைத் தலையில் அவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான், ஐந்தாம் வகுப்பு படிக்கிறவன் மாதிரி. வரிசையாக ஒவ்வொருவன் முன்னாலும் பொட்டலத்தை நீட்டினான். “பொண்ணு” என்றான் ஒவ்வொருவனிடமும். “அவசரக்காரி. முன்னாடியே வந்துட்டா” என்றான். முட்டையைக் கொடுத்தவன் எடுத்துக்கொண்டான். பிரேம்குமார் எந்நேரமும் எதையாவது சொல்கிறவன், கையை டிராயரில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு பிஸ்கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பிறகு தணிகைவேல் என் முன்னால் வந்து நின்றான்.

நாளைக்குப் போர்டு. இப்போது நான் வாயைத் திறந்து, டேய் உங்கப்பன் சொன்னது பொய்டா, அது இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது, நீ பேசாமல் நின்றால் ஐப்பசியில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொன்னால், அவன் நாளைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். வெளியே போக மாட்டான். சொல்லாவிட்டால் போவான், அப்பாவோடு பஸ் ஏறி அம்மையார்குப்பம் போவான், அங்கே போய்த் தெரிந்துகொள்வான். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நிஜமாகவே பிறந்திருந்தால்? நிஜமாகவே அந்த நெற்றி கன்னியம்மாள் நெற்றியாக இருந்தால்? என்னைப் பெற்றவர் எனக்காக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இந்த மனிதர் சாமி பேரில் ஒன்று, பிறக்காத பிள்ளை பேரில் ஒன்று என்று இரண்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை, உடைக்காமல் விடவும் பயமாக இருந்தது.

“எடுத்துக்கடா” என்றான்.

எடுத்துக்கொண்டேன்.

“துன்னு.”

வாயில் போட்டேன். அவன் அடுத்தவனிடம் போகவில்லை. காதோரம் சந்தனம் வழிந்து கன்னத்தில் காய்ந்துகொண்டிருக்க, பொட்டலத்தை நீட்டியபடியே, நான் மென்று விழுங்கி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.